கன்னத்தில் முன்பே விழுந்த விரல்கள்

கீழச்செம்பூர் மனநல மருத்துவமனையின் பெண்கள் வார்டில், அடி விழுவதற்கு முன்பே அடியின் தடம் விழத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கோதுமை ரவை உப்புமா போட்ட நாளில், ஆயா லூர்தம்மாளின் இடது கன்னத்தில். ஐந்து விரல்களும் தனித்தனியாக எண்ணிப் பார்க்கும்படி சிவந்து கிடந்தன. வீட்டுக்காரர் வேலையா என்று நர்ஸ் ஜெயசீலி கேட்டதற்கு, அந்த மனுசன் போய்ச் சேர்ந்து நாலு வருசமாச்சு, இருந்த காலத்திலேயே கை நீட்டத் தெரியாத ஆள், இப்போதா வந்து நீட்டப் போகிறார் என்று லூர்தம்மாள் சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். வலிக்கவும் இல்லை என்றாள். பதினொன்று இருபதுக்கு, கோமு என்கிற நோயாளிக்கு அவள் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தபோது சீப்பு சிக்கில் மாட்டி இழுத்தது. கோமு திரும்பி ஓர் அறை விட்டாள். பாத்திரத்துக்கு மூடி பொருந்துகிற மாதிரி விரலுக்கு விரல் பொருந்தி விழுந்தது அது. கையை எடுத்தபோது கன்னத்தில் சிவப்பும் இல்லை, தடமும் இல்லை, வலி மட்டும் புதிதாக வந்திருந்தது.

மறுநாள் ஒரு நர்ஸுக்கு வந்தது. அதற்கு மறுநாள், மருந்து கொடுக்கிற பெண்ணுக்கு. காலையில் தடம், பகலில் அடி, அடியோடு தடம் காலி. ஒரு வாரத்தில் வார்டு இதற்குப் பழகிப்போனது. காலை ஏழு மணிக்கு டியூட்டி மாறும்போது, மாத்திரை எண்ணிக்கையையும் சாவிக்கொத்தையும் ஒப்படைப்பதோடு கன்னங்களையும் ஒப்படைத்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாக நின்று இடம் காட்டி வலம் காட்டி, "எனக்கு இல்ல," "எனக்கும் இல்ல," "ஐயோ எனக்கு இருக்கே," என்று சொல்லிவிட்டு, இருக்கிறவள் ஒரு பெருமூச்சோடும் இல்லாதவர்கள் ஓர் அசட்டுச் சிரிப்போடும் வேலைக்குப் போனார்கள்.

சூப்பிரண்டு டாக்டர் உமையொருபாகம் அறிவியலில் நம்பிக்கை உள்ளவர். ஆகவே துளியும் ஆச்சரியப்படவில்லை. எந்த நோயாளி எப்போது கை நீட்டுவாள் என்று முன்கூட்டியே சொல்ல அவரிடம் அதுவரை இருந்தது ஒரு நோட்டு. கட்டிலுக்கு ஒரு பக்கம், நாளுக்கு ஒரு வரி, வரிக்கு ஆறு கேள்வி: எரிச்சல் உண்டா, சத்தம் போடுகிறாளா, மிரட்டுகிறாளா, பொருளை எறிகிறாளா என்று போகும். முப்பத்தெட்டுக் கட்டிலுக்கு ஆறு ஆறாக இருநூற்று இருபத்தெட்டுக் கேள்விகளை உப்புமா ஆறுவதற்குள் யார் கேட்பது? அதனால் நேற்று என்ன எழுதியிருந்ததோ அதற்குக் கீழே "மேற்படி" போட்டுவிட்டுப் போவது வார்டின் வழக்கம். அப்படிப் போடப் போட, ஒரு நாள் கத்தியவள் வருடம் முழுக்கக் கத்தினாள். ஒரு நாள் சும்மா இருந்தவள், கட்டிலையே தலைக்கு மேல் தூக்கினாலும் நோட்டில் சும்மாவே இருந்தாள். இந்த நோட்டு பத்தில் மூன்று தடவை பலித்தது. கன்னமோ பத்துக்குப் பத்து பலித்தது. டாக்டர் நோட்டை மூட்டை கட்டிப் பரணில் போடச் சொல்லிவிட்டு, "கன்னப் பதிவேடு" என்று ஒன்றைத் திறந்தார்.

தடம் யாருடைய கை என்று கண்டுபிடிக்க, முப்பத்தெட்டு நோயாளிகளின் இரண்டு உள்ளங்கைகளையும் ஊதா மையில் ஒற்றித் தாளில் பதித்து வாங்கினார்கள். காலையில் ஒரு கண்ணாடித் தாளைக் கன்னத்தில் வைத்துத் தடத்தைப் பென்சிலால் வரைந்து, கைகளோடு ஒப்பிட்டு, "இன்று கோமு, வலது கை" என்று பலகையில் எழுதிப் போட்டார்கள். நோயாளிகளின் கன்னங்களிலும் தடம் வந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மைப்பெட்டியில் இன்னும் சிலருடைய கைகளை ஒற்ற வேண்டி வந்திருக்கும், அந்தக் கைகள் எல்லாம் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிற கைகள், எதற்கு வம்பு.

அடியைத் தடுக்கத்தான் முதலில் பார்த்தார்கள். ஒரு நர்ஸ் மூன்று நாள் ஹெல்மெட்டோடு டியூட்டி பார்த்தாள். முறுக்கைக்கூடக் கண்ணாடி இடுக்கு வழியாகத்தான் தின்றாள். நாலாம் நாள் தலை அரித்ததென்று ஒரு நிமிடம் கழற்றினாள், விழுந்தது. இன்னொருத்தி தடத்தோடு லீவு போட்டுவிட்டுக் கன்னியாகுமரியில் அக்கா வீட்டில் ஒரு வாரம் இருந்தாள். தடமும் அவளோடு இருந்து, சூரிய உதயம் பார்த்து, படமெல்லாம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தது, வார்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே விழுந்தது. ஆனால் அந்த ஒரு வாரமும் வார்டுப் பதிவேட்டில் தடம் எதுவும் இல்லாததால் பக்கம் பளிச்சென்று இருந்தது. மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பும்போது டாக்டருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. உடனே விதி போட்டார்: தடம் உள்ளவர் விடுப்பில் போனால், தடமும் விடுப்பில் போனதாகக் கருதப்படும், வார்டு அன்று ஆபத்து இல்லாத வார்டு.

தப்பிக்க வழியில்லை என்றானதும், வாங்கி முடித்துவிட்டு வேலையைப் பார்ப்போம் என்ற நிலைக்கு எல்லாரும் வந்துசேர்ந்தார்கள். தடம் உள்ளவள் பலகையைப் பார்த்து, உரிய நோயாளியின் கட்டிலுக்கு நேரே போய்க் கன்னத்தைக் காட்டினாள்.

"ஏ கோமு, சீக்கிரம் அடி தாயி, ரெண்டு பத்து பஸ்ஸப் பிடிக்கணும்."

"எனக்குக் கோவமே வரலியே சிஸ்டர்."

"கோவம் எதுக்கு? கைதான வேணும்."

கோமு கூச்சத்தோடு ஓர் அறை விடுவாள், மன்னிப்பும் கேட்பாள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்து முதுகைத் தட்டிவிட்டுப் பதிவேட்டில் "நோயாளி தாக்கினார்" என்று எழுதி, விதிப்படி ஊசியும் போடுவார்கள். ஒரு நர்ஸைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை கன்னத்தைப் பார்த்து முகம் சுளித்தபோது, பெண் சற்றும் பதறாமல், இதோ வந்துவிடுகிறேன் என்று ஆட்டோ பிடித்து வார்டுக்குப் போய் வாங்கிக்கொண்டு, பஜ்ஜி ஆறுவதற்குள் துடைத்த கன்னத்தோடு வந்து உட்கார்ந்தாள். கடமை தவறாத பெண் என்று அந்த இடமே முடிந்தது. கோமு மட்டும் நாளாக நாளாக மெலிந்தாள். அடிக்கப் பிடிக்காத ஒருத்தியை அடிக்கச் சொல்லி அதற்கு ஊசியும் போட்டால் அவள் என்னத்துக்கு ஆவாள்.

இந்தக் கூத்தில் ஒரே ஒருத்திக்கு நல்லது நடந்தது. பதினேழாம் கட்டில் அன்னபாக்கியம். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவள்; குச்சி வெட்டுகிற மிஷினில் வலது மோதிர விரலின் பாதியைக் கொடுத்தவள்; புருசன் செத்த துக்கத்தில் மூன்று மாதம் பேசாமல் இருந்ததற்காகக் கூட்டிவரப்பட்டு, ஆறு மாதத்தில் பேச ஆரம்பித்து, அதற்குப் பிறகும் ஒன்பது வருடமாக இங்கேயே இருக்கிறவள். அவளை வெளியே விட வேண்டுமானால் முப்பது நாள் சேர்ந்தாற்போல் ஆபத்து இல்லை என்று பதிவேடு சொல்ல வேண்டும். பழைய நோட்டோ அவள் பக்கத்தில் ஒன்பது வருடமாக ஆறுக்கு நாலு போட்டு வந்தது. ஒரு தடவை சாப்பாட்டுத் தட்டை எறிந்து பரிமாறுகிறவரின் நெற்றியைப் பிளந்தாளாம். "நான் தட்ட எறியலியே" என்று அவள் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வந்தாள். "செய்ததை ஒப்புக்கொள்ள மறுக்கிறார்" என்று அதையும் சேர்த்து எழுதிக்கொண்டார்கள்.

கன்னப் பதிவேடு வந்த பிறகு நோட்டுக்கு மதிப்பில்லை. யார் கன்னத்திலும் நாலரை விரல் தடம் வரவில்லை. இருபது நாள் கடந்ததும் ஜெயசீலியே அவளுடைய தம்பி மகள் முப்பிடாதிக்குக் கடிதம் போட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை வந்து அழைத்துப் போகிறேன், வீட்டுக்காரரும் சரி என்றுவிட்டார், அத்தைக்குத் தனிக் கட்டில் போட்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. அன்னபாக்கியம் அந்தக் கடிதத்தை ஜெயசீலியை விட்டு நாலு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "நான் இங்க வரும்போது இவ எட்டாங் கிளாஸ் சிஸ்டர். இப்பம் புள்ள பெத்துட்டாளாம்," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இருபத்தெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, ஜெயசீலி தன் வீட்டில் முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். இடது கன்னத்தில் நாலரை விரல்.

அவள் பவுடரை அப்பிப் பார்த்தாள். தடம் பவுடரைத் தாண்டி வந்து நின்றது. ஏழு மணிக்கு ஜன்னல் வெளிச்சத்தில் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். கண்ணாடித் தாளே தேவைப்படவில்லை. லூர்தம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டு, "ஐயோ பாவம் அந்தப் புள்ள," என்றாள். அவள் சொன்னது ஜெயசீலியை அல்ல.

செய்தி கட்டில் கட்டிலாகப் போய்ப் பதினேழை எட்டியது. அன்னபாக்கியம் எழுந்து வந்து ஜெயசீலியின் கன்னத்தை வெகுநேரம் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள்.

"உங்கள நான் எதுக்கு சிஸ்டர் அடிக்கேன்?"

"தெரியலியே அன்னபாக்கியம்."

"நான் அடிக்க மாட்டேன். வெள்ளிக்கிழம வரைக்கும் இந்தக் கையத் தூக்கவே மாட்டேன், பாத்துக்கிடுங்க."

போய்க் கட்டிலில் அமர்ந்து, வலது கையின் மேல் உட்கார்ந்துகொண்டாள். மத்தியானம் லூர்தம்மாளிடம் கேட்டுப் பழைய சேலைக் கிழிசலால் கையை இடுப்போடு கட்டிக்கொண்டாள். இடது கையால் சோறு தின்பது என்ன பழக்கம் என்று வார்டே சங்கடப்பட்டு, கோமு வந்து உருண்டை பிடித்து ஊட்டிவிட்டாள். கொசு கடித்தாலும் வேறு யாராவது வந்துதான் அடிக்க வேண்டும். அவளுடைய கையை வார்டில் உள்ள முப்பத்தேழு பேரும் முறை வைத்துக் காவல் காத்தார்கள்.

டாக்டர் உமையொருபாகத்துக்கோ உற்சாகம் தாங்கவில்லை. "பாத்தியளா சிஸ்டர், நம்ம பழைய நோட்டும் சரியாத்தான் சொல்லியிருக்கு! ஒம்பது வருசமா நாலு. இப்பம் தடமும் வந்துட்டு. இத நான் கட்டுரையா எழுதணும். அந்தத் தட்டு எறிஞ்ச பக்கத்த எடுத்துட்டு வாங்க."

"சார், வெள்ளிக்கிழமை அவளோட தம்பி மகள் வாரா."

"தடம் இருக்கையில எப்படிம்மா விட முடியும்? அடிக்கட்டும், தடம் போகட்டும். அதுக்குப் பொறவு முப்பது நாள் பாப்போம்."

"அடிக்கலைன்னா?"

"அடிக்கலைன்னா தடம் போகாது. தடம் போகலைன்னா விட முடியாது." இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்கிற மாதிரி அவர் ஜெயசீலியைப் பார்த்தார்.

அவள் பரணிலிருந்து நோட்டு மூட்டையை இறக்கினாள். வியாழக்கிழமை மத்தியானம் ரெக்கார்டு ரூமில் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு நோட்டாகப் பதினேழாம் கட்டிலின் பக்கத்தைத் திறந்து பின்னோக்கிப் போனாள். மேற்படி, மேற்படி, மேற்படி. எல்லாம் அவள் கையெழுத்து. மழைக்காலத்து மேற்படி, பொங்கலன்று போட்ட மேற்படி, தன் கல்யாணத்துக்கு முந்தின நாள் அவசரமாகப் போட்ட மேற்படி. ஒன்பது வருடத்து மேற்படிகளையும் தாண்டிப் போனபோது கடைசியில் அந்த வரி வந்தது: தட்டை எறிந்தார், பரிமாறுபவருக்கு நெற்றியில் மூன்று தையல், மதிப்பெண் நாலு. பெயர் இருக்கிற இடத்தில் தங்கப்புஷ்பம் என்றிருந்தது.

ஜெயசீலி மறுபடி வாசித்தாள். தங்கப்புஷ்பம் என்றுதான் இருந்தது. அன்று சாயந்திரமே அந்தத் தங்கப்புஷ்பத்தை வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். மறுநாள் காலை பதினேழாம் கட்டிலுக்கு அன்னபாக்கியம் வந்தாள். ஆள் மாறுவார்கள், கட்டில் மாறாது என்பதால் நோட்டு கட்டில் எண்ணில்தான் நடந்தது. வேலைக்குச் சேர்ந்து பதினைந்து நாளே ஆகியிருந்த ஜெயசீலி, பெரிய சிஸ்டர்கள் செய்வதைப் பார்த்து, பழைய வரிக்குக் கீழே புதிய பெயரை எழுதி, பக்கத்தில் தன் வாழ்நாளின் முதல் மேற்படியைப் போட்டிருந்தாள்.

தடம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது, காரணம் வியாழக்கிழமைதான் கைக்குக் கிடைத்தது. இவ்வளவு நாளும் கன்னத்தில் இல்லாத வலி அப்போது ஜெயசீலிக்கு நெஞ்சில் வந்தது, தூசியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

நோட்டைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டி வாசித்தார். கட்டுரை போயிற்றே என்ற வருத்தம் முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

"ஒம்பது வருசத்துத் தப்ப ஒரு நாள்ல திருத்த முடியாதும்மா. கமிட்டி போடணும். அதுவுமில்லாம, தப்பு நோட்டுலதான், தடம் உங்க கன்னத்துல நிசமாத்தான இருக்கு?"

ஜெயசீலி நோட்டை மூடினாள். பிறகு, "சார், எனக்கு நாளைக்கு லீவு வேணும்," என்றாள்.

"எதுக்கு?"

"தடம் இருக்குல்லா. தடம் உள்ளவ லீவு போட்டா தடமும் லீவுன்னு நீங்கதான விதி போட்டிய. நாளைக்கு நான் இல்ல, தடமும் இல்ல. வார்டு பளிச்சுன்னு இருக்கும். முப்பது நாள் முடிஞ்ச ஆள விடுததுக்கு என்ன தடை?"

டாக்டர் தான் போட்ட விதியைத் தானே எடுத்து இரண்டு தடவை வாசித்தார். நல்ல விதி, அழகாக எழுதப்பட்ட விதி, எங்கேயும் ஓட்டையில்லை. தன் எழுத்தின் மேல் அவருக்கு எப்போதும் மரியாதை உண்டு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முப்பிடாதி இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். வார்டே வாசல் வரை வந்து நின்றது. லூர்தம்மாள் கட்டை அவிழ்த்துவிட்டாள். கோமு அந்தக் கையைப் பிடித்து நீவிவிட்டாள். அன்னபாக்கியம் எல்லாக் கட்டில்களையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு கேட்டைத் தாண்டினாள்.

கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடி பஸ் ஸ்டாப்பில் ஜெயசீலி நின்றிருந்தாள். யூனிபார்ம் இல்லை, சாதாரண வாயில் சேலை. முதலில் அன்னபாக்கியத்துக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. கன்னத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

"சிஸ்டர், நான் அடிக்கல பாத்தியளா! மூணு நாளும் அடிக்கல!" என்று குழந்தை மாதிரி சந்தோசப்பட்டாள்.

"யக்கா," என்றாள் ஜெயசீலி. ஒன்பது வருடத்தில் அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

நின்றபடியே சொல்லி முடித்தாள். தட்டு, தங்கப்புஷ்பம், கட்டில், மேற்படி, எல்லாவற்றையும், தன் பெயரை ஓரிடத்திலும் விடாமல். முப்பிடாதிக்கு முகம் சிவந்து, "அடப்பாவி மக்கா," என்று பிள்ளையை இறக்கிவிட்டாள். அன்னபாக்கியம் பையைக் கீழே வைத்தாள். தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது.

"நான்தான் எறியலன்னு சொன்னேனே," என்றாள் கடைசியில், மெதுவாக. "ஒங்கிட்டயும் சொன்னேன். எத்தன தடவ சொன்னேன்."

"ஆமாக்கா. சொன்னிய. அதையும் நான்தான் எழுதினேன்." ஜெயசீலி கண்ணை மூடிக்கொண்டு இடது கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள். "அடிங்கக்கா. இங்க பதிவேடு கிடையாது. நல்லா ஓங்கி அடிங்க."

அன்னபாக்கியத்தின் கை மேலே போனது. நாலரை விரலும் விரிந்தன, தடத்துக்கு நேராக வந்தன, ஒரு சாண் தூரத்தில் நின்றன. பஸ் வந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு நின்றது. கண்டக்டர், "ஏறுததுன்னா ஏறுங்க," என்று கதவைத் தட்டினார்.

அன்னபாக்கியம் கையை இறக்கினாள்.

"நீ சொன்ன உடனே அடிக்கதுக்கு நான் என்ன இன்னும் வார்டுலயா இருக்கேன், ஏட்டி?"

சொல்லிவிட்டு, கீழே கிடந்த பையை அந்தக் கையாலேயே எடுத்துக்கொண்டு, பிள்ளையை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு முப்பிடாதியோடு பஸ்ஸில் ஏறினாள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து நேரே முன்னால் பார்த்தாள். ஜெயசீலி ஜன்னலுக்குக் கீழே நின்று யக்கா யக்கா என்று கூப்பிட்டாள். பஸ் போய்விட்டது.

புழுதி அடங்கியும் அவள் போகாமல் அங்கேயே நின்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அடுத்த பஸ்ஸுக்காக வந்த ஒரு பூக்காரம்மா பக்கத்தில் வந்து, கையை விலக்கிப் பார்த்துவிட்டு அதிர்ந்துபோனாள்.

"என்னம்மா இது, இப்பிடிப் போட்டு அடிச்சிருக்கானுவ! யாரு அடிச்சா?"

"யாரும் அடிக்கல," என்றாள் ஜெயசீலி. "அதான் அழுதேன்."